பிரேக் என்று சொல்லவில்லை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் வாய்ப்பு பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துவிட்டேன். பிறர் ஓட்டும் காரில் முன் சீட்டில் உட்கார மாட்டேன். பின்னால் உட்கார்ந்தாலும், நாலு ரோடு சந்திக்கும் இடம் வந்தால் என் கண் ஓட்டுபவரின் வலது காலுக்குப் போய்விடும். அந்தக் கால் அழுந்துவதும் வண்டி நிற்பதும் ஒன்றாக நடக்கிறதா என்று பார்ப்பேன். வண்டி நின்ற பிறகுதான் மூச்சு வரும். இதன் காரணம் என் கணவருக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை.

திருப்பூர் தனி மாவட்டம் ஆவதற்கு முந்தின வருடம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா வீட்டோடு இருந்து, தைத்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக்கொடுப்பாள். நான் பி.காம் முடித்ததும் அவிநாசி ரோட்டில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். நாள் முழுக்கப் போனில் பேசுவதுதான் வேலை. சர்வீஸ் தேதி நெருங்கியவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும், வண்டியை எடுத்துப் போனவர்களிடம் திருப்தியா என்று கேட்க வேண்டும். தெருவில் இருந்த பெண்கள் எல்லாம் ஷிஃப்ட் வேனில் ஏறிப் போகும்போது நான் மட்டும் துவைத்துத் தேய்த்த சுடிதாரில் ஏசி ரூமுக்குப் போவது அம்மாவுக்குப் பெருமையாக இருந்தது.

சேர்ந்த முதல் வாரமே மேனேஜர் என் பேச்சைத் திருத்தினார். எங்கள் பக்கத்துப் பேச்சு இந்த ஊர்க்காரர்களின் காதுக்கு அதட்டுவது போல இருக்குமாம். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'ங்க' சேர்த்துவிடு என்றார். சேர்த்தேன். நாலைந்து மாதத்தில் வீட்டில் அப்பாவிடமே அப்படிப் பேசத் தொடங்கிவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மழைக்காலத்துக்கு முன்னால், கார் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. குறிப்பிட்ட சில மாதங்களில் தயாரான ஒரு சின்னக் கார் மாடலைப் பற்றியது. காரின் அடியில் பிரேக் ஆயில் போகும் மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறது. அதை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் கிளிப் சரியான அளவில் செய்யப்படவில்லை. வண்டி ஓட ஓடக் குழாய் கிளிப்பின் விளிம்பில் உரசித் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் ஆயில் கசியலாம். அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கிளிப்பை மாற்ற வேண்டும், குழாய் தேய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும், உரிமையாளரிடம் பைசா வாங்கக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். கூடவே, எங்கள் சென்டரில் விற்ற வண்டிகளின் சேஸிஸ் நம்பர்கள் ஒன்றரைப் பக்கத்துக்கு இருந்தன.

புதுக் கிளிப்புகள் ஒரு அட்டைப் பெட்டியில் வந்தன. ஃபோர்மேன் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். என் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை. அவர் ஊத்துக்குளிப் பக்கத்து ஆள், ஐம்பதை நெருங்கியவர், என்னை எப்போதும் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்.

"அரை மணி நேர வேலை அம்மிணி. ஆனா வண்டி வரோணுமே" என்றார்.

வண்டியை வரவைப்பது என் வேலை. அதற்காக இன்னொரு தாள் வந்திருந்தது. போனில் என்ன பேச வேண்டும் என்று எழுதிய தாள். 'இலவசப் பரிசோதனை முகாம்' என்றுதான் சொல்ல வேண்டும். பிரேக், பழுது, ஆபத்து, ரீகால் என்கிற திரும்ப அழைப்பு ஆகிய வார்த்தைகள் வாயில் வரக் கூடாது. ஏன் என்று நானாகக் கேட்கவில்லை. மேனேஜரே சொன்னார். அந்தச் சொற்களைக் கேட்டால் ஜனங்கள் பயந்துகொள்வார்கள், பேப்பரில் வரும், அந்த மாடலின் மறுவிற்பனை விலை விழும் என்றார். வண்டியைத் திரும்ப அழைத்தே ஆக வேண்டும் என்று அப்போது நம் நாட்டில் சட்டம் ஒன்றும் கிடையாது, கம்பெனி தானாக முன்வந்து செய்வதே பெரிய விஷயம் என்றும் சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. தாளை மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். பேசி முடித்ததும் கம்ப்யூட்டரில் அந்த வண்டிக்கு நேராக 'சி' என்று போட வேண்டும். தொடர்பு கொண்டாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். சனிக்கிழமைதோறும் எத்தனை 'சி' என்று தலைமை அலுவலகம் கேட்கும். எத்தனை வண்டிகள் வந்தன என்பதை அவ்வளவு அழுத்திக் கேட்கமாட்டார்கள்.

பட்டியலில் பலர் சுலபமாகக் கிடைத்தார்கள். சில போன் நம்பர்கள் மாறியிருந்தன. சில வண்டிகள் கைமாறியிருந்தன. திருப்பூரில் வண்டி சீக்கிரம் கைமாறும். ஆர்டர் நன்றாக வந்த வருடம் வாங்குவார்கள், டாலர் விழுந்த வருடம் விற்பார்கள். அப்படி ஒரு வண்டியின் முதல் உரிமையாளர் நிட்டிங் கம்பெனி வைத்திருந்தவர். கம்பெனியின் கடிதம் அவருடைய ஆபீஸுக்குப் போயிருந்தது. ஏதோ விளம்பரம் என்று யாரோ ஓரமாக வைத்துவிட்டார்கள். நான் போன் செய்தபோது, வண்டியை விற்றுவிட்டதாக மரியாதையாகச் சொன்னார். எங்கள் சென்டரில் மற்றவர்களாக இருந்தால் 'விற்கப்பட்டது' என்று எழுதி விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. யாரிடம் விற்றீர்கள் என்று கேட்டேன். தன் துணிகளுக்குக் காஜா, அதாவது பட்டன் துளை, தைத்துப் பட்டன் வைக்கும் ஜாப் ஒர்க் செய்துகொடுப்பவர், அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடு, ஆர்.சி. புக் இன்னும் பேர் மாற்றவில்லை என்று சொல்லி நம்பர் கொடுத்தார். ஒரு வண்டியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. அந்தச் சந்தோஷத்தோடுதான் அந்த நம்பரை அழுத்தினேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். போனை எடுத்ததும் காஜா மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. ஒரு பெண் பேசினார்.

நான் தாளில் இருந்ததைச் சொன்னேன். கார் சர்வீஸ் சென்டரிலிருந்து பேசுகிறேன், உங்கள் வண்டிக்கு இலவசப் பரிசோதனை முகாம் நடக்கிறது, ஒரு நாள் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போங்கள் என்றேன்.

"அவரு ஊட்ல இல்லீங்களே. கம்பெனிக்குப் பீஸ் கொண்டு போயிருக்காருங்க" என்றார்.

வந்ததும் சொல்லச் சொன்னேன். நம்பரைக் கொடுத்தேன். ஏதோ தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்டது, எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டி நல்லாத்தானுங்க ஓடுது. கட்டாயம் வந்தே ஆகோணுங்களா?"

அந்தக் கேள்விக்கும் தாளில் பதில் இருந்தது. அதைப் படிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

"கட்டாயமெல்லாம் இல்லீங்க. உங்க வசதிப்படி எப்ப வேணா வாங்க."

"செரிங்க, சொல்றனுங்க" என்று வைத்துவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் 'சி' போட்டேன். அடுத்த நம்பருக்குப் போனேன்.

தீபாவளி போய், கார்த்திகை மழையும் நின்ற பிறகு ஒரு நாள், விபத்தான கார் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் இறக்கினார்கள். இன்சூரன்ஸுக்கு மதிப்பீடு போட வேண்டும். அப்படி வரும் வண்டிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பெண் அன்று லீவு. என்னைப் போடச் சொன்னார்கள். நான் காரைப் பார்க்கவில்லை. தாளில் இருந்த சேஸிஸ் நம்பரை அடித்தேன். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. இந்த வண்டிக்குச் செய்ய வேண்டிய திரும்ப அழைப்பு வேலை நிலுவையில் உள்ளது என்றது. அதன் கீழே, தொடர்பு கொண்ட தேதி. அதன் பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்துகள்.

எழுந்து பின்பக்கம் போனேன்.

காரின் முன்பாதி இல்லை. டிரைவர் பக்கம் மடங்கிப்போய், ஸ்டியரிங் சீட்டோடு சேர்ந்திருந்தது. பின் சீட்டைச் சாய்த்துவிட்டு அதில் பீஸ் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். சின்னக் குழந்தைகள் போடும் டி-ஷர்ட். பட்டன் வைத்து முடித்தவை, வெட்டுத்துணியால் கட்டியவை. சில கட்டுகள் அவிழ்ந்து முன்னால் வரைக்கும் சிதறிக் கிடந்தன. மழையில் நனைந்து காய்ந்து விறைத்திருந்தன. அவற்றை யாரும் எடுக்கவில்லை.

ஓட்டியவர் அங்கேயே இறந்துவிட்டார் என்று காரை ஏற்றிவந்த லாரிக்காரர் சொன்னார். அவிநாசிபாளையத்தில் திருச்சி ரோட்டைக் கடக்கும் இடத்தில், நிற்க வேண்டிய கார் நிற்காமல் போய், குறுக்கே வந்த டேங்கர் லாரியில் மோதியிருக்கிறது. அதிவேகம் என்று போலீஸ் எழுதியிருந்தார்கள். வேகமாக வந்து பிரேக் அடித்திருந்தால் ரோட்டில் டயர் தேய்ந்த கோடு இருக்குமே என்று லாரிக்காரர் தானாகவே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

நான் போய் ஃபோர்மேனைக் கூட்டிவந்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார். பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி அடியில் படுத்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது சட்டையெல்லாம் மண். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கொழா ஒடஞ்சுதான் இருக்குது. ஆனா இந்த இடியில எல்லாந்தான் ஒடஞ்சிருக்குது. எது முந்தி, எது பிந்தின்னு கேட்டா நான் எப்படிச் சொல்ல முடியும் அம்மிணி?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னார்.

"கிளிப்பு இருக்கற எடத்துல இருந்து பின்னால வரைக்கும் ஆயில் வடிஞ்சு, அதுமேல தூசி அப்பிக் கெடக்குது. ஒரே நாள்ல அப்படி அப்பாது. கொஞ்ச நாளாவே கசிஞ்சிருக்கோணும்."

பிரேக் முழுதாகப் போயிருக்காது, பிரேக் ஆயில் போகும் இரண்டு வழியில் ஒன்று பிடித்திருக்கும் என்றும் விளக்கினார். ஆனால் பெடல் ஆழமாகப் போகும், வண்டி நீளமாக ஓடித்தான் நிற்கும். பின்னால் பாரம் வேறு. நாலு ரோட்டில் அந்த நீளத்துக்கு இடம் ஏது என்றார்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. உடனே கம்ப்யூட்டரில் அந்த நம்பரை எடுத்துப் பார்த்தார். 'சி' இருந்தது. அதைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நல்ல வேளை, நீ கூப்பிட்டிருக்கிறாய், அவர்கள்தான் வரவில்லை என்றார். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைக்கச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்தார். பிரிண்டரிலிருந்து அந்தத் தாள் வந்தபோது சூடாக இருந்தது. இறந்துபோன மனிதர்மேல் பழியைப் போடும் தாளில் என் பெயரின் எழுத்துகள் இருந்தன.

வீட்டில் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது, இதனால் வேலைக்கு ஒன்றும் ஆகாதே என்பதுதான். பிழைக்க வந்த இடத்தில் பெரிய கம்பெனியைப் பகைத்துக்கொள்ளக் கூடாது, நடந்தது நடந்துவிட்டது, ஜெபம் பண்ணு என்றாள். அப்பாதான், பட்டியலில் இன்னும் எத்தனை பேர் வராமல் இருக்கிறார்கள் என்று கேட்டார். அது வரைக்கும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஒரு காரையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதே கிளிப்போடு, அதே 'சி'யோடு, வராத வண்டிகள் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். வராத வண்டிகளை மேலிருந்து வரிசையாகக் கூப்பிட்டேன். 'ங்க' எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசினேன்.

"உங்க கார்ல பிரேக் குழாய் தேயுற மாதிரி கம்பெனியிலயே தப்பா வச்சுட்டாங்க. இன்னைக்கே கொண்டுவாங்க. பெடல் கொஞ்சம் இறங்குனாலும், தரையில எண்ணெய்ச் சொட்டு இருந்தாலும் ஓட்டவே ஓட்டாதீங்க, நாங்களே வந்து எடுத்துக்கிடுதோம்."

சிலர் கோபப்பட்டார்கள். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று ஒருவர் கத்தினார். ஆனால் வண்டிகள் வந்தன. முன்பு வசதிப்பட்டபோது வருவதாகச் சொன்னவர்கள் எல்லாம் அன்று சாயங்காலத்துக்குள் வந்தார்கள். ஷெட் நிறைந்து, அவிநாசி ரோட்டின் ஓரம் வரைக்கும் நின்றன. சோமனூரிலிருந்து ஒரு தறிக்காரர் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்குப் போகும் வழியில் குடும்பத்தோடு பாதியில் திருப்பிக்கொண்டு வந்தார். ஃபோர்மேன் கழற்றிய குழாய்களை ஒரு தட்டில் வரிசையாக வைத்தார். பாதிக்கு மேல் நன்றாகத்தான் இருந்தன. சிலவற்றில் தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்தது. குன்னத்தூரிலிருந்து வந்த ஒரு காரின், காகிதம் போலத் தேய்ந்திருந்த குழாயை மட்டும் அவர் விரலால் தொட்டுவிட்டு, அந்த வண்டிக்காரரைத் தனியே கூப்பிட்டு, வரும் வழியில் எங்கேயாவது சட்டென்று பிரேக் பிடித்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். ஃபோர்மேன் அவர் தோளைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து மேனேஜருக்குப் போன் வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு, விதிமுறைப்படி பேசாததற்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் விஷயம் முடிந்துவிடும் என்றார். நான் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். போவதற்கு முன்னால், சுற்றறிக்கையையும் போனில் பேச வேண்டிய தாளின் ஃபைல் பிரதியையும் நகல் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். திருடுகிறோமா என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து, அப்படியே தாராபுரம் பஸ் ஏறினேன். அவிநாசிபாளையத்தில் இறங்கி விசாரித்தபோது எல்லோருக்கும் வீடு தெரிந்திருந்தது. தோட்டத்துக்குள் ஓட்டு வீடு, பக்கத்தில் தகரக் கொட்டகை, அதற்குள் மூன்று காஜா மெஷின்கள். எதுவும் ஓடவில்லை. அந்த அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். வாசலில் உட்கார்ந்து பட்டன்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று நிமிர்ந்து பார்த்தார். நான், கார் சர்வீஸ் சென்டரிலிருந்து வருகிறேன் அக்கா என்று சொன்னேன்.

அவர் கை நின்றது.

"நீங்கதானுங்களா அன்னைக்குப் போன்ல பேசுனது?"

ஆமாம் என்றேன். என் குரலை அவர் மறக்கவில்லை. உள்ளே கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கிளிப், குழாய், சுற்றறிக்கை, எந்தெந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று எழுதியிருந்த தாள். இரண்டு நகலையும் அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் படித்தார். மெதுவாக, எழுத்துக்கூட்டிப் படிப்பவர் போல, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

பிறகு அவர் சொன்னதை இங்கே எழுதுவது எனக்குக் கஷ்டம். அன்றைக்கே புருஷனிடம் சொல்லியிருக்கிறார். இலவசமாகப் பார்க்கிறார்களாம் என்றதும் அவர் சிரித்திருக்கிறார். இலவசம் என்று கூப்பிட்டு, அது போச்சு இது போச்சு என்று வேலை வைப்பார்கள் என்றிருக்கிறார். அந்த வருடம் வீட்டுக்கு வீடு அப்படி எத்தனை போன், லோன் வேண்டுமா கார்டு வேண்டுமா என்று. கட்டாயம் இல்லையாம் என்று இவரும் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஒரு நாள், பிரேக் கொஞ்சம் கீழே இறங்கிப் பிடிக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். வழியில் ஒரு மெக்கானிக் ஆயில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். இரண்டு தடவை ஊற்றியிருக்கிறார். ஆயில் ஏன் குறைகிறது என்று யாரும் கேட்கவில்லை.

"பிரேக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா" என்றார். நகல்களை மடித்துக்கொண்டே, "அவரு பயந்தாங்குளிங்க. மாடு மெரண்டாலே கிட்டப் போகமாட்டாரு. பிரேக்குன்னு சொல்லியிருந்தா வண்டியத் தொட்டே இருக்கமாட்டாரு" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. அழவும் இல்லை. நான்தான் அழுதேன். அவர் எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, கொட்டகைக்குள் போய்விட்டார். நான் குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

அவருடைய அண்ணன் அந்த நகல்களை ஒரு வக்கீலிடம் கொண்டுபோனார். நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள், போனேன். அதற்குள் நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் பக்கம் சேர்ந்திருந்தேன். கார் கம்பெனியின் வக்கீல் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விதான். போன் செய்தீர்களா இல்லையா? செய்தேன் என்றேன். வண்டியைக் கொண்டுவரச் சொன்னீர்களா இல்லையா? சொன்னேன், ஆனால் கட்டாயம் இல்லை என்றும் சொன்னேன் என்றேன். அதைச் சொல்லும்போது நான் வக்கீலைப் பார்க்கவில்லை. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அக்காவைப் பார்த்தேன். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபோர்மேனும் வந்தார். வேலையில் இருந்துகொண்டே வந்து, ஆயில்மேல் தூசி அப்பியிருந்ததைச் சொன்னார். அதன் பிறகு கம்பெனி தீர்ப்பு வரும்வரை காத்திருக்கவில்லை, அந்தக் குடும்பத்தோடு சமாதானம் பேசி வழக்கை முடித்துக்கொண்டது. தவறு என்று எங்கேயும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மற்ற ஊர்களில் இன்னும் வராமல் இருந்த உரிமையாளர்களுக்கு மறுபடி அனுப்பிய கடிதத்தின் முதல் வரியிலேயே பிரேக் என்ற வார்த்தை இருந்ததாக ஃபோர்மேன் எனக்குப் போன் செய்து சொன்னார். எனக்கு அதில் நிம்மதி வரவில்லை. அந்த ஒரு வரி எத்தனை சிறியது என்றுதான் தோன்றியது.

பட்டியலில் இரண்டு கார்கள் கடைசி வரை கிடைக்கவில்லை. ஒன்று புரோக்கர் கையிலிருந்து கேரளாவுக்குப் போனதாகச் சொன்னார்கள். இன்னொன்றைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. இரண்டின் நம்பர்களும் எனக்கு இன்னும் மனப்பாடம். அந்த மாடல் கார் இப்போது ரோட்டில் அபூர்வமாகத்தான் தென்படுகிறது. தென்பட்டால் நம்பர் பிளேட்டைப் பார்க்காமல் என்னால் கடந்து போக முடியாது. நிறுத்தியிருக்கும் காராக இருந்தால் குனிந்து தரையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பேன். ஒருமுறை பல்லடத்தில் ஒருவர், என்ன தொலைத்தீர்கள் என்று கேட்டு, கூடச் சேர்ந்து தேடினார்.

தெரிந்தவர்கள் யாராவது பழைய கார் வாங்கினால் நான் விடமாட்டேன். பேர் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள், கம்பெனி தேடும்போது உங்கள் பேரும் நம்பரும் அங்கே இருக்க வேண்டும் என்பேன். ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே போய், இந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள், பாக்கி இருந்தால் செய்து முடித்ததற்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். கம்பெனியிலிருந்து வரும் கடிதத்தை விளம்பரம் என்று தள்ளாதீர்கள். யாராவது போன் செய்து இலவசப் பரிசோதனை என்றால், எந்தப் பாகம், அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும், அதுவரை வண்டியை ஓட்டலாமா என்று திருப்பிக் கேளுங்கள். பேசுகிறவள் மழுப்பினால் விடாதீர்கள். அவளுக்குப் பதில் தெரியும். இப்போது சட்டம் வந்துவிட்டது, வலைத்தளம் இருக்கிறது, எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று என் கணவர் சொல்வார். இருக்கலாம். ஆனால் மறுமுனையில் ஒரு ஆள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது மாறவில்லை.

சில வருடம் கழித்து, வேலை நேரத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. அந்த அக்கா. என் நம்பரை யாரிடம் வாங்கினாரோ, நான் கேட்கவில்லை. பீஸ் ஏற்றி இறக்க ஒரு பழைய சின்ன வேன் விலை பேசியிருக்கிறாராம். வேறு கம்பெனி வண்டி. மகள்தான் ஓட்டப்போகிறாளாம்.

"சேஸிஸ் நம்பர் சொல்றனுங்க. ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

எழுதிக்கொண்டேன். அவர் வைக்கவில்லை.

"நான் எதையும் மறக்கலீங்க. ஆனா இதக் கேக்கறதுக்கு வேற ஆளு எனக்குத் தெரியல" என்றார்.

அன்றே அந்த வண்டிக் கம்பெனியின் சென்டருக்கு நேரில் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நம்பரை அடித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றாள். மறுபடி ஒரு எழுத்து ஒரு எழுத்தாகச் சொல்லி அடிக்கச் சொன்னேன். இல்லை என்றுதான் வந்தது. வெளியே வந்து அக்காவுக்குச் சொன்னேன். நல்லாக் கேட்டீங்களா என்றார். இரண்டு தரம் கேட்டேன் என்றேன். செரிங்க என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போகும் வழியில் அந்தச் சென்டர் வாசலில் மறுபடி இறங்கினேன். நேற்று இருந்த பெண் இல்லை, வேறு ஒருத்தி இருந்தாள். அவளிடமும் கேட்டேன்.